ஹைப்பர்ஸ்பேஸ் பாதைகளும் மட்டக்களப்புக் கடலும்

விண்வெளிக் கதைகளில் ஒரு வேடிக்கை இருக்கு. அண்டம் எல்லாத் திசையிலும் திறந்துதான் கிடக்குது. கப்பலோ ஒளியை விட வேகமாகப் போகுது. பிறகு ஏன் எல்லாரும் ஒரே பாதையிலேயே போய், ஒரே நிலையத்தில நிண்டு, ஒரே ஆளிட்ட அடி வாங்குறாங்க?

1999இல் வந்த ஸ்டார் வோர்ஸ் படத்தை எடுங்க. வணிகப் பாதைகளுக்கு வரி போட்டதில சண்டை வந்து, ஒரு வணிகக் கூட்டமைப்பு ஒரு கோளைக் கப்பல்களால சுத்தி வளைக்குது. கதையே அங்கதான் தொடங்குது. லாரி நிவனும் ஜெரி போர்னெலும் 1974இல் எழுதிய நாவலில் (த மோட் இன் கோட்ஸ் ஐ) ஒரு முழு இனமே தன்ர சூரியத் தொகுதிக்குள்ள அடைபட்டுக் கிடக்கும். வெளியே போக ஒரேயொரு பாய்ச்சல் புள்ளிதான், அதுவும் ஒரு சிவப்பு இராட்சத நட்சத்திரத்துக்குள்ள போய்த் திறக்குது. 1993இல் தொடங்கிய டீப் ஸ்பேஸ் நைன் தொடரில், ஒரு புழுத்துளையின் வாசலில் ஒரு நிலையம். அதை ஆர் வைத்திருக்கிறாங்களோ அவங்களிட்டத்தான் அரசியல்.

அறிவியல் பக்கத்தைச் சுருக்கமாச் சொல்லிட்டுப் போறம். ஐன்ஸ்டைன் 1905இல் வெளியிட்ட சார்புக் கோட்பாட்டின்படி, நிறையுள்ள எதையும் ஒளி வேகத்துக்குத் தள்ள முடியாது. கிட்ட இருக்கிற நட்சத்திரமே 4.2 ஒளியாண்டு தூரம். 1994இல் மிகேல் அல்குபியேரே எண்ட மெக்சிக்கோ இயற்பியலாளர், கப்பலை ஓட்டாமல் அதைச் சுத்தியுள்ள வெளியையே முன்னால சுருக்கிப் பின்னால விரிக்கலாம் எண்டு சமன்பாட்டில காட்டினார். ஆனா அதுக்கு எதிர்மறைச் சக்தி வேணும், அப்படியொண்டு தேவையான அளவில ஆரிட்டயும் இல்லை. அதனால ஒளியை முந்தும் பாதை இண்டைக்கும் முழுக்கக் கற்பனைதான்.

முழுக்கக் கற்பனை எண்டா எழுத்தாளர் விரும்பியபடி வரையலாம்தானே? ஆனா அவங்க வரைஞ்சது கடல் வரைபடத்தை. நீரிணை, துறைமுகம், சுங்கம், எரிபொருள் நிரப்பும் இடம், கடற்கொள்ளையர் எல்லாம் அப்படியே இருக்கு. ஐரோப்பியக் கப்பல்கள் நானூறு வருஷமா இந்து சமுத்திரத்தில போட்ட பாதைகள்தான் வானத்தில ஏறியிருக்கு எண்டு நாங்கள் நினைக்கிறம். நாவற்குடாவில இருந்து பார்க்கிற ஆக்களுக்கு இது கொஞ்சம் தெளிவாவே தெரியும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். அந்தப் பாதைகளின் மிச்சம் எங்கட கடலின் அடியில கிடக்குது.

முதலில் காத்து. பாய்க்கப்பலுக்கு எரிபொருள் பருவக்காற்று. வாடையும் கச்சானும் மாறி மாறி அடிக்கிற காலத்தைப் பார்த்துத்தான் பயணம், தவறினா மாதக்கணக்கில் துறையில காத்திருக்கணும். அந்தக் காத்தோட வந்தவர்தான் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். 1602 மே 31ஆம் தேதி அவர் நங்கூரம் போட்டது மட்டக்களப்பில. தேடி வந்தது வாசனைத் திரவியம். இங்கேயிருந்து கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார்.

ஃபிராங்க் ஹேர்பேர்ட் 1965இல் எழுதிய டியூன் நாவலைப் படிச்சவங்களுக்கு இந்த இடத்தில மூக்கில ஒரு வாசம் வரும். அதில நட்சத்திரங்களுக்கிடையே கப்பலோட்ட ஒரே வழி ஸ்பைஸ் எண்ட பொருள். அது ஒரேயொரு பாலைவனக் கோளிலதான் கிடைக்கும். அதுக்காகப் பேரரசே அடிபடும், அந்த மண்ணில பிறந்த சனம் குகைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். ஸ்பைஸின் மணம் எப்படியெண்டு ஹேர்பேர்ட் சொல்லுறார் தெரியுமா? கறுவா மாதிரி. படத்தைப் பார்த்துட்டு அராக்கிஸ் எண்டா அரபு நாடுகளின் எண்ணெய் எண்டு எல்லாரும் எழுதினாங்க. அது சரிதான். ஆனா எண்ணெய்க்கு முன்னால இதே கதை கறுவாவுக்கு நடந்தது, அதுக்கு ஒப்பந்தம் எழுதின இடங்களில ஒண்டு எங்கட ஊர்.

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில கோட்டை கட்டினாங்க. 1638 மே மாதம் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து அதைப் பிடிச்சாங்க. சில நாட்களில, மே 23ஆம் தேதி, மட்டக்களப்பிலேயே ஒப்பந்தம். போர்ச்செலவை அரசன் கறுவாவாகவும் மெழுகாகவும் மற்றப் பொருளாகவும் கட்டணும், வாசனைப் பொருள் வணிகத்தில ஒல்லாந்தருக்கு ஏகபோகம். பிடிக்கும் கோட்டைகளில ஒல்லாந்தப் படை இருக்கலாமா எண்ட இடத்திலதான் வில்லங்கம். அரசனிட்ட இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில, அரசன் விரும்பினால் மட்டும் எண்டு ஒரு நிபந்தனை இருந்தது. ஒல்லாந்த மொழிப் பிரதியில அந்தச் சொற்கள் இல்லை. அதுக்குப் பிறகு ஒல்லாந்தர் கரையோரத்தில இருந்தது நூற்றைம்பது வருஷத்துக்கு மேல.

ஒரு பாதைக்கு ஒப்பந்தம் போடேக்க ரெண்டு பிரதியையும் பக்கத்தில வைச்சு வாசிக்கிற ஆள் ஆர் எண்டது பெரிய கேள்வி. இங்க இருந்த சனத்திட்ட எந்தப் பிரதியும் இல்லை.

அடுத்தது நிலக்கரி. விண்வெளி 'நிலையம்' எண்ட எண்ணமே இங்கேயிருந்துதான் பிறந்தது எண்டது எங்கட வாதம். பாய்க்கப்பலுக்குத் துறைமுகம் போதும். நீராவிக்கப்பலுக்குத்தான் இடைக்கிடை நிண்டு எரிபொருள் ஏத்துற இடம் கட்டாயம். பிரித்தானியர் 1839இல் ஏடனைப் பிடிச்சதுக்கு அதுவும் முக்கியமான ஒரு காரணம். இலங்கையில முதலில் காலி அந்த வேலையைச் செய்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு போக்குவரத்துப் பெருகிச்சு. கொழும்பில 1875இல் அலைதாங்கிக்கு அடிக்கல் வைச்சு, 1885இல் கட்டி முடிச்சாங்க. காலி கைவிடப்பட்டது. பத்துப் பதினைஞ்சு வருஷத்தில ஒரு துறைமுக நகரம் பழைய நகரமா மாறிப் போச்சு. ஹைப்பர்ஸ்பேஸ் பாதை மாறினதால பாழாய்ப்போன நிலையங்கள் எண்டு கதைகளில வருமே, அதுக்குக் காலி நல்ல உதாரணம்.

இதில எங்களுக்குப் பிடிச்ச விஷயம் ஒண்டு. இந்த நிலையங்களுக்கு நிலக்கரி எப்படி வந்தது? வேல்ஸ் நாட்டுச் சுரங்கத்தில வெட்டி, பெரும்பாலும் பாய்க்கப்பலில ஏத்தி அனுப்பினாங்க. நீராவிக்கப்பல் தன்ர கரியைத் தானே அவ்வளவு தூரம் சுமந்தா, ஏத்த வந்த சரக்குக்கு இடம் இராது. அதனால காத்துதான் கரியைக் கொண்டுவந்து நீராவியை ஓட்டிச்சு. ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்குச் சக்தி கொண்டுபோறதுக்கே சக்தி வேணும் எண்ட கணக்கு விண்வெளிக் கதைகளில அநேகமா வராது. நிலையம் எப்பவும் நிறைஞ்சே இருக்கும். ஆர் நிரப்பினது எண்டு எவனும் கேட்க மாட்டான். கொழும்பில அதை நிரப்பினது முதுகில கரிக்கூடை சுமந்த தொழிலாளர்கள், இந்தியாவில இருந்து கூலிக்கு வந்தவங்களும் அவங்களில இருந்தாங்க.

அந்தக் காலத்தில மட்டக்களப்பு பாதையில இருந்து விலகி நிண்டது. கல்லடிப் பாலமே 1924இல்தான் வந்தது. ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில லேடி மானிங் பாலம். புகையிரதம் 1928இல் வந்தது. விலகி நிண்டது நல்லதா கெட்டதா எண்டு சொல்லத் தெரியேல்ல, ஏனெண்டா அடுத்த எரிபொருள் வந்த விதம் அப்படி.

முதலாம் உலகப்போரை ஒட்டி பிரித்தானியக் கடற்படை கரியில இருந்து எண்ணெய்க்கு மாறினது. கிழக்குக்கு எண்ணெய் வைக்க ஒரு இடம் வேணும். திருகோணமலையில, சீனன்குடாக் காட்டுக்குள்ள, பெரிய உருக்குக் குதங்களைக் கட்டினாங்க. ஒவ்வொண்டும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல கொள்ளும். நூற்றுக்கும் மேல கட்டினதில இண்டைக்கு 99 மிச்சம். சிங்கப்பூரையும் ஏடனையும் போல ஒரு பேரரசின் பாதையில இது ஒரு முடிச்சு. முடிச்சு எண்டா எதிரியும் அங்கதான் குறிபார்ப்பான்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அண்டு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 திருகோணமலை. தாக்குதலில ஒரு எண்ணெய்க் குதமும் அழிஞ்சது. முதல்நாள் இரவே எச்சரிக்கை கிடைச்சு, விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் துறைமுகத்தை விட்டுத் தெற்கே ஓடியிருந்தது. விமானந்தாங்கியாகவே வடிவமைச்சுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. ஆனா அண்டைக்கு அதில ஒரு விமானமும் இல்லை. மட்டக்களப்புக்கு நேரே கடலில வைச்சு ஜப்பானிய விமானங்கள் அதைக் கண்டுபிடிச்சன. சில நிமிஷங்களில நாற்பது குண்டுகள் வரை விழுந்து, கப்பல் தாண்டு போச்சு. 307 பேர் செத்தாங்க. கூட வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் தாண்டது. வீற்றா எண்ட வைத்தியசாலைக் கப்பல்தான் அறுநூறு பேரளவில நீரில இருந்து தூக்கி எடுத்தது.

ஹேர்மிஸைப் பற்றி எல்லாரும் எழுதுறாங்க. அண்டைக்கே இந்தக் கரையோரம் தாண்ட வேற ரெண்டு கப்பலின் பெயரைக் கேட்டா ஆருக்கும் தெரியாது: அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட். ரெண்டும் எண்ணெய்க் கப்பல். போர்க்கப்பல் ஓடுறதுக்குப் பாதையில எண்ணெய் சுமந்த கப்பல்கள். விண்வெளிக் கதையில இவங்களுக்குப் பெயரே இராது, சண்டைக் காட்சியில பின்னால வெடிக்கிற ஒரு வெளிச்சம் அவ்வளவுதான். ஹேர்மிஸ் ஐம்பது மீற்றருக்கும் கீழ கிடக்குது. இப்ப வெளிநாட்டில இருந்து சுழியோடிகள் மட்டக்களப்புக்கு வந்து, வள்ளத்தில போய் அதைப் பார்த்துட்டுப் போறாங்க.

இதுக்கு 14 வருஷத்துக்குப் பிறகு, 1956இல், திருகோணமலைச் சுவாமி மலை அடியில ரெண்டு வெள்ளைக்காரர் சுழியோடினாங்க. போர்த்துக்கேயர் 1624இல் இடிச்சுக் கடலில தள்ளின கோணேசர் கோயிலின் தூண்களை அடியில கண்டவங்க அவங்க. ஒருவர் மைக் வில்சன். மற்றவர் ஆர்தர் சி. கிளார்க். அந்த வருஷமே இலங்கையில குடியேறி, 2008இல் கொழும்பில சாகும்வரை இங்கேயே இருந்தார். புவிநிலைச் சுற்றுப்பாதையில செய்மதி வைச்சு உலகம் முழுக்கத் தொடர்பு கொள்ளலாம் எண்டு 1945இலேயே எழுதின மனுசன்.

அறிபுனை எழுத்தாளர்களில இவர் ஒளியை முந்தும் பாதையில அவ்வளவு நம்பிக்கை இல்லாதவர். 1968இல் வந்த 2001இல் நட்சத்திர வாசல் ஒண்டு வரும், ஆனா அது வேற்று அறிவுகள் கட்டினது, மனுசன் அதுக்குள்ள விழுறான், அவ்வளவுதான். 1986இல் எழுதிய த சோங்ஸ் ஒஃப் டிஸ்டன்ற் ஏர்த் நாவலில வேணுமெண்டே ஒளியைத் தாண்டாமல் எழுதினார். அதில கப்பல் ஒரு கடற்கோளில இறங்கி நிக்கிற காரணம் பனிக்கட்டி. முன்னால தூசு மோதாமல் காக்கும் பனிக் கவசம் தேய்ஞ்சு போச்சு, புதுசாச் செய்யணும். கரி ஏத்த நிண்ட கப்பல் மாதிரி, தண்ணி ஏத்த நிக்குது.

1979 ஜனவரியில வந்த த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ் தான் எங்களுக்கு முக்கியம். தரையில இருந்து சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில இருக்கிற புவிநிலைப் பாதைக்கும் அதுக்கு மேலயும் ஒரு கம்பி, அதில ஏறி இறங்கும் பெட்டிகள். ரஷ்யப் பொறியியலாளர் யூரி அர்ற்சுதானொவ் 1960இல் சொன்ன யோசனை. இதில சக்திக் கணக்கு அழகா இருக்கும். இறங்கிற பெட்டியை பிரேக் பிடிக்கேக்க வாற மின்சாரத்தை ஏறுற பெட்டிக்குக் குடுக்கலாம். எங்கட கிணத்துத் துலா எப்படி ஒரு பக்கப் பாரத்தால மறுபக்கத்தைத் தூக்குதோ அதைப் போல. ரொக்கெட்டுக்கு இந்தக் குடுத்து வாங்கல் இல்லை, எரிச்சது எரிச்சதுதான்.

ஆனா கம்பியின் அடி பூமத்திய ரேகையில இருக்கணும். இலங்கை அங்க இல்லை. கிளார்க் என்ன செய்தார்? தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி, தப்ரபேன் எண்டு பெயர் வைச்சார். சிவனொளிபாத மலையின் உயரத்தை ரெட்டிப்பாக்கி சிகிரியாவுக்குக் கிட்டக் கொண்டு வந்தார். நாங்கள் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தம். மட்டக்களப்பு 7.7 பாகை வடக்கில இருக்கு. 800 கிலோமீற்றர் தள்ளினா ஊர் ரேகையில இருந்து அறுபது கிலோமீற்றருக்குள்ள வந்திடும். நாவலில எங்கட ஊரைத் தேடினா கிடைக்காது, வேற விஷயம்.

மலை உச்சியில ஒரு மடம், அதில துறவிகள். அவங்க இடத்தை விட மாட்டம் எண்டுறாங்க. முன்னாள் வானியற்பியலாளரான ஒரு துறவி, காலநிலையைக் கட்டுப்படுத்தும் செய்மதியைக் கைப்பற்றிச் செயற்கைப் புயல் ஒண்டைக் கிளப்பி, பொறியியலாளர் மோர்கனின் சோதனைக் கம்பியைக் குழப்புறார். அந்தப் புயலே வண்ணத்துப்பூச்சிகளை உச்சிக்கு அடிச்சுக் கொண்டுபோக, பழைய தீர்க்கதரிசனம் பலிச்சு, துறவிகள் தாங்களாகவே இறங்கிப் போறாங்க. இந்த முடிவு எங்களுக்குப் பிடிக்கேல்ல. இவ்வளவு பெரிய காணிப் பிரச்சினையை வண்ணத்துப்பூச்சியில ஏத்தி அனுப்பினது கிளார்க்கின் திறமையா தப்பிக்கிற வழியா எண்டு எங்களுக்குள்ளயே வாக்குவாதம். புத்தகம் வர ரெண்டு மாதத்துக்கு முன்னால, 1978 நவம்பர் 23 இரவு, உண்மையான சூறாவளி மட்டக்களப்பில கரை ஏறினது. தொள்ளாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. எங்கட வீடுகளில வயசான ஆக்கள் வயசு சொல்லுறதே 'சூறாவளிக்கு முதல், பிறகு' எண்டுதான். நாவலை எழுதி முடிச்ச ஆளுக்கு அது தெரிஞ்சிருக்க முடியாது. ஆனா இங்க இருந்து அதை வாசிக்கிறவருக்கு அந்தப் புயல் வெறும் கதைத் திருப்பமா இராது.

கம்பி இல்லாமலே சக்தி அனுப்புற யோசனை அதைவிடப் பழசு. ஐசாக் அசிமோவ் 1941இல் ரீசன் எண்ட கதையில, சூரிய சக்தியைத் திரட்டிக் கோள்களுக்குக் கதிராக அனுப்பும் ஒரு நிலையத்தை வைச்சார். அங்க இருக்கிற ரோபோ, பூமி எண்டு ஒண்டு இருக்கிறதையே நம்பாது. சக்தி இயந்திரத்தைத்தான் கடவுள் எண்டு கும்பிடும். ஆனாலும் கதிரை இம்மியும் பிசகாமல் பிடிக்கும், பிசகினா கீழ பூமி எரியும். அனுப்புறவனுக்கு வாங்குற ஆக்கள் இருக்கிறதே தெரியாது எண்டது பகிடியா எழுதின கதைதான், எங்களுக்குச் சிரிப்பு பாதியில நிண்டு போச்சு.

1968இல் பீற்றர் கிளேசர் இதை உண்மையான பொறியியல் திட்டமாக எழுதினார். 1975இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்ரோனில 30 கிலோவாற்றுக்கு மேல நுண்ணலையா ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் அனுப்பிக் காட்டினாங்க. 2023இல் கால்ரெக் ஆய்வாளர்கள் விண்வெளியிலேயே சிறிய அளவில செய்து காட்டினாங்க. ஆக, தொழில்நுட்பம் நடக்கும். கீழ வாங்கிற அன்ரெனாதான் கேள்வி. அமெரிக்க அரசு 1970களின் கடைசியில போட்ட மாதிரித் திட்டத்தில, ஒரு செய்மதிக்குத் தரையில சுமார் 10 கிலோமீற்றர் அகலமும் 13 கிலோமீற்றர் நீளமும் வேணும். அதைத் தூக்கி எங்கட கரையில வைச்சுப் பாருங்க. கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் ஒண்டும் மிச்சமில்லாமல் போய், வாவியும் மூடிப் போகும். பாலைவனத்தில வைக்கலாம் எண்டு சொல்லுவாங்க. டியூன் வாசிச்சவங்களுக்குத் தெரியும், பாலைவனத்திலயும் ஆக்கள் இருக்காங்க.

இனி உள்ளூர்க் கதை. சீனன்குடாவின் 99 குதங்களையும் பங்கு பிரிச்சு 2022 ஜனவரியில ஒப்பந்தம் போட்டாங்க. லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, ரெண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. 2025 ஏப்ரல் 5ஆம் தேதி திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூண்டும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. அதே நாள் இந்திய, இலங்கை மின்கட்டமைப்புகளை இணைக்கிறதுக்கு இன்னொண்டு. ஒரு நிலையத்தில இருந்து இன்னொரு நிலையத்துக்குச் சக்தி கொண்டுபோறதுதான் இதுவும். நாங்கள் இதுக்கு எதிர் எண்டு சொல்ல வரேல்ல. 2022இல் எரிபொருள் வரிசையிலயும் மின்வெட்டிலயும் கிடந்த ஆக்கள் நாங்கள். 1638இன் ரெண்டு பிரதியும் நினைவுக்கு வருது, அவ்வளவுதான்.

டீப் ஸ்பேஸ் நைன் நிலையம் முதலில ஆக்கிரமிப்பாளர் கட்டினது. பஜோர் மக்களை அடிமையாக்கி அதில தாது உருக்குவிச்சாங்க. விடுதலைக்குப் பிறகு அதே நிலையத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் புழுத்துளை வாசலில நிறுத்துறாங்க. முதலாவது அத்தியாயத்திலேயே அது முடிஞ்சிடும், பிறகு ஏழு வருஷம் கதை அங்கதான் ஓடும். ஆனா சுத்திக் கொண்டிருந்த கோளில அந்தச் சனம் எப்படித் தங்கட வயலுக்குத் திரும்பினது எண்டு அங்கொண்டும் இங்கொண்டுமாத்தான் வரும்.

திருகோணமலைக் குடாவின் தெற்குக் கரையில இருக்கிற சம்பூரில அது எப்படி நடந்தது எண்டா: 2006இல் ஷெல்லடியில சனம் ஊரை விட்டு ஓடினது. மூதூரிலயும் மட்டக்களப்பிலயும் முகாம்களில கிடந்தாங்க. அவங்கட காணியில 500 மெகாவாற் அனல்மின் நிலையம் கட்ட இந்தியக் கம்பனியோட திட்டம் போட்டாங்க. 2015இல்தான் ஆக்கள் திரும்பத் தொடங்கினாங்க. 2016இல் அனல்மின் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு அதே சம்பூருக்கு 120 மெகாவாற் சூரிய மின் திட்டம் வந்தது. 2025 ஏப்ரல் 5ஆம் தேதி அதன் தொடக்க விழாவை ரெண்டு நாட்டுத் தலைவர்களும் கொழும்பில இருந்தபடி காணொளி வழியா நடத்தினாங்க. அந்தச் சமிக்ஞை சம்பூருக்குப் போய்ச் சேர ஒரு கண் இமைக்கிற நேரம்கூட ஆகியிராது. சம்பூர் சனத்துக்குத் தங்கட வளவுக்குத் திரும்பிப் போக ஒன்பது வருஷம் பிடிச்சது.